டேபிள் ரோஸ் வைத்த ஆயில் டப்பா

என் அம்மாவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் அங்கே வெயில் அதிகம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். அப்பா தூங்குகிறார். விளக்குப் போட்டால் எழுந்துகொள்வார் என்பதால், கம்பெனி வாசல் கேட்டில் எரியும் ட்யூப் லைட் வெளிச்சம் நம் ரூம் ஜன்னலில் விழும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் புல் வெட்டும் மிஷினை நான் கெடுத்துவிட்டேன், அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று கடைக்காரர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீ போன பிறகு மேனேஜர் வந்து, "சரசக்கா இல்லீன்னாலும் ரூமு உங்களுக்குத்தானுங்க, லான் மட்டும் பாத்துக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னார். ஓவர்லாக் மிஷினில் பனியன் தைக்கும் டைலருக்குப் புல் வெட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் தெரியாது என்று சொல்லவில்லை. மூன்று மாதமாகச் சனிக்கிழமை காலைகளில், ஷிஃப்ட்டுக்குப் போவதற்கு முன்னால், உன் மிஷினைத் தள்ளிக்கொண்டு போகிறார். நீ வெட்டினால் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக இருக்கும். அப்பா வெட்டினால் அங்கங்கே தாடி மிச்சமிருக்கும். ஆனாலும் பூச்செடிகளை ஒன்றுகூட வெட்டவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை. புல் ஒரு வாரத்திலேயே முழங்காலைத் தொடுகிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனி முழுக்க மிஷின் துடைத்தார்கள். உனக்குத் தெரியுமே, அன்றைக்குத் தையல் ஹாலில் வெள்ளை ஆயில் மணம் எப்படி இருக்கும் என்று. ஆளாளுக்குத் தன் மிஷினைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, பழைய ஆயிலை எடுத்துவிட்டு, தண்ணீர் போலச் சுத்தமான புது ஆயில் ஊற்றி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டார்கள். கட்டிங் மிஷினுக்கு மாலை. அயர்ன் பாக்ஸுக்கு மாலை. ஜெனரேட்டருக்குக்கூட ஒரு பூசணிக்காய். உன் புல் மிஷின் மட்டும் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வருடம் நீதானே அதைத் தள்ளிக்கொண்டு வந்து, டைலர்களின் மிஷின்களோடு வரிசையில் நிறுத்தினாய்? பனியனில் கறை பார்க்கும் செக்கிங் அக்காமார்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"ஏனுங் சரசக்கா, அப்படியே ஊட்டுக்கும் வண்டியிலயே போயிருவீங்ளாட்டிருக்கு!"

"பெட்ரோலு நீ ஊத்து, உன்னையும் பின்னால ஏத்தீட்டுப் போறேன்" என்றாய். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நீ நின்றது எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது.

இந்த வருடம் அதை யாரும் நினைக்கவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. நான் ஷெட்டுக்குப் போனேன். மண்ணைக் கழுவினேன். சக்கரத்தில் சுற்றியிருந்த புல்லைப் பிய்த்தேன். நீ செய்வதைப் போல ஆயில் அளவுபார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது.

அம்மா, கறுப்பு ஆயில் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? ஒரு சொட்டு பட்டால் ஒரு பனியன் ரிஜெக்ட். அப்பா எத்தனை முறை கறைக்காகப் பேச்சு வாங்கியிருக்கிறார்! உன் மிஷினின் வயிற்றில் இத்தனை நாளாக இந்த அழுக்கு இருந்திருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையே என்றுதான் நினைத்தேன். மிஷினைச் சாய்த்து, அந்தக் கறுப்பை எல்லாம் பழைய வாளியில் வடித்தேன். தையல் ஹாலில் இருந்த பெரிய கேனிலிருந்து அரை லிட்டர் பாட்டிலில் வெள்ளை ஆயில் பிடித்து வந்து ஊற்றினேன். கம்பியில் கோடு வரைக்கும் சரியாக வந்தது. பிறகு மூடியைத் திருகி, பொட்டு வைத்து, கும்பிட்டேன். உனக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று சனிக்கிழமை காலையில் அப்பா கயிற்றை இழுத்தார். மிஷின் கிளம்பியது. முதலில் புகை. கொசு மருந்து அடிப்பதைப் போல வெள்ளையாக, நீலமாக. அதற்குப் பிறகு சத்தம் வந்தது. உலக்கையால் இரும்பு உரலில் இடிப்பதைப் போல டக் டக் டக் என்று. செக்கிங் அக்காமார்கள் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா உடனே நிறுத்திவிட்டார். 

மேனேஜர் வந்தார். அவருக்குக் கோபம் வந்தால்கூட மரியாதை குறையாது, அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"என்னங் குமரேசண்ணா, திங்கக்கெழம ஆர்டர் குடுக்கற பையர் வர்றாங்க. இந்தப் புல்லப் பாத்தா நாம பனியன் தைக்கறமா, மாடு மேய்க்கறமான்னு கேப்பாங்க."

"நாளைக்குள்ள முடிச்சரனுங்க."

"தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன். ஆகலீன்னா கான்ட்ராக்ட்காரங்கள வரச் சொல்லிருவேன். அப்பறம் ரூமும் அவங்களுக்குத்தானுங்க குடுக்கோணும்."

அவர் போன பிறகு அப்பா மிஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "என்ர கையால கெட்டுப் போச்சு கண்ணு. உங்கம்மா கையோட போச்சு எல்லாம்" என்றார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.  அப்பா ஷிஃப்ட்டுக்குப் போனார்.

ரூம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா வீரபாண்டியில் டைலர்கள் சேர்ந்து தங்கும் ரூமுக்குப் போவார். அங்கே பெண்பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. என்னைக் காங்கயத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவார். பெரியம்மா நல்லவள்தான். ஆனால் அவள் மகள்கள் இரண்டு பேரும் ஒன்பதாவதோடு மில்லுக்குப் போனவர்கள். நான் இப்போது ஒன்பதாவதுதான் படிக்கிறேன், அம்மா.

அப்பா போன பிறகு ஷெட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அழுதபடியே யோசித்தேன். ஒருநாள் நீ வெட்டும்போது கடகட என்று சத்தம் வந்து நிறுத்தினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் தாத்தா என்னவென்று கேட்டபோது நீ அவரிடம், "கீழ சத்தம்னா புல்லுல என்னமோ கெடக்குதுங்க. மேல சத்தம்னா அது வயித்துல என்னமோ" என்று சொன்னாய். மிஷின் திடீரென்று கிளம்பாமல் இருக்க ப்ளக்கின் மூடியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, மிஷினைச் சாய்த்து, பிளேடுக்கு அடியிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து, "எந்த மவராசியோ எறிஞ்சிருக்குது" என்று சிரித்தாய். நீ எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. நான் பக்கத்தில் வந்தாலே "போய்ப் படி" என்று விரட்டுவாய். ஆனால் காதை விரட்ட முடியுமா?

நானும் ப்ளக்கின் மூடியைக் கழற்றினேன். சாய்த்துப் பார்த்தேன். கீழே கல் இல்லை, கத்தரி இல்லை. பிளேடைக் கையில் வேஸ்ட் சுற்றிப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியானால் சத்தம் மேலேதான். வயிற்றில்தான். வயிற்றில் கை வைத்தது நான்தான்.

கம்பியை உருவினேன். ஆயில் கம்பியில் நிற்கவே இல்லை, மழைத் தண்ணீர் போலச் சொட்டியது. அளவும் கோட்டைத் தாண்டி வெகு மேலே இருந்தது. நான் சரியாகத்தானே பார்த்தேன்? பதற்றத்தில் அளவைக்கூடத் தப்பாகப் பார்த்திருக்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பிறகு எந்த ஆயில் என்று தேடினேன். ஷெட்டில் ஒன்றும் இல்லை. ரூமுக்குத் திரும்பி வந்தபோது, கதவோரம் இருந்த டேபிள் ரோஸ் கண்ணில் பட்டது. நீ வைத்த செடி. நீ போன பிறகு தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். அது எதில் வளர்கிறது என்று மூன்று மாதமாக நான் பார்க்கவே இல்லை, அம்மா. தலையை வெட்டிய ஆயில் டப்பா!

லேபிள் பாதி கிழிந்து, மண் அப்பியிருந்தது. பேர் போய்விட்டது. ஒரு "30" மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி ஒளிந்திருந்தது. நான் அந்த டப்பாவைச் செடியோடு தூக்கிக்கொண்டு, அருள்புரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பைக்கோடு நின்றிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அண்ணாச்சி, உங்க கடைக்குப் பூச்செடி ரிப்பேருக்கு வந்திருக்குதுங்க."

"செத்த சும்மா இரும்" என்றார் கடைக்காரர். "என்ன பிள்ள வேணும்?"

"புல் மிஷினுக்கு ஆயிலுங்கண்ணா."

"பெட்ரோல்ல கலந்து ஊத்துவாங்களா, தனியா ஊத்துவாங்களா?"

"தனியாங்க."

"அப்ப ஃபோர் ஸ்ட்ரோக்கு. சத்தம் கெடக்கா?"

"ரொம்பங்க."

"பழைய எஞ்சின்லா. கியர் ஆயில் மாதிரி கெட்டியா ஒண்ணு தாரேன், ஊத்து. சத்தம் அப்படியே அமுங்கிரும். பழைய வண்டிய விக்கவன்லாம் அதத்தான் செய்தான்."

"சத்தம் அமுங்குனா, மிஷின் சரியாயிருமாங்கண்ணா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆகாது. சத்தம் மட்டுந்தான் அமுங்கும். உள்ள தேய்மானம் அதுபாட்டுக்கு நடக்கும்."

எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. சத்தத்தை அமுக்கி வைப்பது எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து எனக்குத் தெரியுமே. டப்பாவைத் திருப்பிக் காட்டினேன். அவர் வேஸ்ட்டால் மண்ணைத் துடைத்தார்.

"முப்பதாம் நம்பரு. யாரு வாங்கினது?"

"எங்கம்மாங்க."

"விவரமான பொம்பள. இந்த வெயிலுக்கு, இந்த எஞ்சினுக்கு, முப்பதுதான். இதவிடத் தண்ணியா ஊத்துனா சூட்டுல நிக்காது. பைக் ஆயில் ஆபத்துக்கு ஊத்தலாம். முப்பதே கெடக்கும்போது அது எதுக்கு? ஆமா, இப்ப உள்ள என்ன கெடக்கு?"

நான் செடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன். "தையல் மிஷின் ஆயிலுங்க. கறுப்பா இருந்துதுன்னு எடுத்துட்டு, வெள்ளை ஆயில் ஊத்திட்டனுங்க. நாந்தானுங்க."

பைக்கோடு நின்றவர் மறுபடி சிரிக்கப் போனார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "இந்த ஊர்ல ஆயிலுன்னா வெள்ளைதான பிள்ள. எஞ்சின் ஆயிலு கறுக்கத்தான் செய்யும். அழுக்கத் தான் வாங்கிக்கிடுதுல்லா, அதான் கறுப்பு. எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"ரெண்டு நிமிஷங்கூட இல்லீங்க. அப்பா சத்தம் கேட்டதும் நிறுத்திட்டாங்க."

"அப்படின்னா உங்கப்பாதான் எஞ்சினக் காப்பாத்தியிருக்காரு. அவருகிட்ட சொல்லு" என்றார். வெள்ளை ஆயிலை வடித்து, அதை ஒரு துணியில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். மினுமினு என்று இரும்புத் தூள் தெரிந்தால் வயிறு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். தெரியாவிட்டால் தப்பித்தோமாம்.

ஆயில் வாங்கி வந்து செடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அப்பா ராத்திரி வந்து சாப்பிடாமலே படுத்தார். "காலைல மேனேஜர்கிட்ட முடியாதுன்னு சொல்லிரலாம் கண்ணு. வீரபாண்டில ரூமு கேட்டிருக்கறேன்" என்றார். நான் "சரிங்ப்பா" என்றேன். எப்படி என் வாயிலிருந்து அந்தச் சரி வந்தது?

விடிந்ததும் சொல்ல வேண்டும். அப்பா மேனேஜரிடம் போவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை. அப்பா அடிக்க மாட்டார், பேசாமல் இருப்பார். அதற்குத்தான் பயம். நீ கொஞ்சம் பக்கத்தில் இரு.

*

அம்மா, மறுபடியும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கை வலிக்கிறது, ஆனாலும் உனக்குச் சொல்லாமல் தூக்கம் வராது.

காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கதவில் நின்றுகொண்டேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லோணுங்ப்பா."

"வந்து கேக்கறன் கண்ணு."

"இல்லீங்ப்பா, இப்பவே. மிஷின் கெட்டது உங்களால இல்லீங்ப்பா. என்னாலதானுங்."

எல்லாவற்றையும் சொன்னேன். நான் நினைத்தது போலவே அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேராக ஷெட்டுக்கு நடந்தார். நான் புது ஆயிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவரே மிஷினைச் சாய்த்தார். நான் அரை லிட்டர் பாட்டிலைப் பிடித்தேன். ஆயில் டீத்தண்ணீர் நிறத்தில் வந்தது. பாட்டில் நிரம்பியது. நிற்கவில்லை. இன்னொரு பாட்டிலைப் பிடித்தேன். அதிலும் பாதிக்கு வந்தது.

"ஏனுங்ப்பா, நான் ஒரு பாட்டல்தானுங்களே ஊத்துனேன்?"

அப்பா மிஷினைச் சாய்த்துப் பிடித்தபடியே நின்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நானும் ஊத்துனேன் கண்ணு."

எனக்குப் புரியவே இல்லை.

"பூச அன்னிக்குக் காலைல வந்து பாத்தேன். கழுவி, பொட்டு வெச்சிருந்துது. நீதான்னு தெரிஞ்சுது. எம்பங்குக்கு ஒண்ணுமே செய்யலியேன்னு, என்ர ஆயில் கேன்ல இருந்தத அப்படியே ஊத்திட்டேன். நேத்து அந்தச் சத்தம் வந்ததும் நாந்தான் உங்கம்மா மிஷினக் கொன்னுட்டன்னு..." 

பிறகு என்ன நடந்தது தெரியுமா? அப்பா சிரித்தார். நீ போன பிறகு முதல் முறையாக. "டைலர் குடும்பம்னா இப்படித்தான் கண்ணு. நல்லவேள, நூலக் கோத்துவிடாம உட்டமே!" என்றார். நானும் சிரித்தேன், அழுதேன், எதை எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் உனக்காகத்தான் ஊற்றினோம். இரண்டு பேரும் ஒளித்தோம். நீ பார்த்திருந்தால் எங்களை என்ன பேச்சுப் பேசியிருப்பாய்!

வடித்த ஆயிலை வெள்ளைப் பனியன் வேஸ்ட்டில் தேய்த்தோம். அப்பா வெயிலில் பிடித்தார். கறை பார்க்கும் கண் அல்லவா, நூல் நூலாகப் பார்த்தார்.  "மினுக்கம் ஒண்ணுமில்ல கண்ணு. நீயும் பாரு" என்றார். நானும் பார்த்தேன். இல்லை.

"நீங்க உடனே நிறுத்துனதாலதானுங்ப்பா தப்பிச்சுதாம். கடைக்கார அண்ணாச்சி உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க" என்றேன்.  அப்பா அந்த வேஸ்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் சொன்னபடி, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளை ஆயில் போக, புது ஆயிலில் கொஞ்சம் ஊற்றி, ப்ளக்கின் மூடியைப் போடாமலே கயிற்றை நாலு முறை இழுத்து, அதையும் வடித்தோம். பிறகு சமதரையில் நிறுத்தி, ஒரே ஒரு ஆள் மட்டும், அதாவது நான், கோடு வரைக்கும் ஊற்றினேன். தேன் நிறம், அம்மா. மெதுவாக இறங்கியது. கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்பா கயிற்றைப் பிடித்தார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு, நீ செய்வதைப் போல மிஷின் தலையில் கை வைத்து, "கெளம்பு சாமி" என்றார்.

முதல் இழுப்புக்கு வரவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குக் கிளம்பியது. புகை வந்தது, மிச்ச ஆயில் எரிகிற புகை. டக் டக் என்று கொஞ்சம் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொள்ளப் போனேன். பிறகு அது குறைந்தது. இன்னும் குறைந்தது. புகை வெளுத்து நின்றுபோனது. உலக்கைச் சத்தம் போயே போய்விட்டது.

ஒரு சின்ன டிக் டிக் மட்டும் மிச்சம் இருந்தது. அப்பா பயந்து நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்ப்பா! அது அம்மா காலத்துலயே இருந்த சத்தந்தானுங். சனிக்கெழம சனிக்கெழம நான் கேட்டிருக்கறேன்."

ஆமாம் அம்மா. அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டுதான் நான் வாய்ப்பாடு படித்தேன், இங்கிலீஷ் போயம் மனப்பாடம் செய்தேன். அது நோய் இல்லை, மிஷினின் வயசு. அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நீ என்னைப் படிக்க விரட்டியதால்தான் அந்தப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் கேட்டேன். நீ ஒரு டப்பாவைக்கூடத் தூக்கி எறியாமல் செடி வைத்ததால்தான் நம்பர் கிடைத்தது. இதற்கெல்லாம் நன்றி என்று ஒரே வார்த்தை சொன்னால் போதுமா?

பனி காய்ந்ததும் அப்பா வெட்ட ஆரம்பித்தார். புல் உயரமாக இருந்ததால் இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. நான் புல்லை வாரிக் கொட்டினேன். சாயந்தரம் மேனேஜர் வந்து, புல் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். "பரவால்லீங் குமரேசண்ணா, சரசக்கா வெட்டுன மாதிரியே இருக்குது" என்றார். பொய். இரண்டு இடத்தில் தாடி இருந்தது. ஆனாலும் ரூமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளை நான் பள்ளிக்கூடம் போகிறேன், அம்மா. பத்தாவதும் இங்கிருந்தேதான் போவேன்.

ராத்திரி அப்பா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். இதை நீ கேட்டால் மற்றதெல்லாம் மறந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் எதைக் கெடுத்தாலும் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். அவரும் என்னிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆயுத பூஜைக்கு உன் மிஷினை டைலர்களின் வரிசையிலேயே கொண்டுவந்து நிறுத்துவோம். பொட்டும் மாலையும் உண்டு. வெள்ளை ஆயில் கிடையாது. இந்தப் புது டப்பா காலியானதும் தலையை வெட்டி, உன் டேபிள் ரோஸில் ஒரு கிளை கிள்ளி அதில் நட்டு வைப்பேன். நம்பரைச் சுவர்ப் பக்கம் வைக்க மாட்டேன். வாசலைப் பார்த்து, வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைப்பேன்.

நகக்கண்ணில் இன்னும் ஆயில் கறை போகாத
உன் மகள்,
சுகன்யா